மறதி நோய்க்கு மூலிகைச் சாரங்கள்: துணை மருந்து என்ற பெயரில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

தில்லி மயூர் விஹாரில் வசிக்கும் ஒரு பெண்மணி தம் மாமனாரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மாமனாருக்கு 78 வயது. அவருக்கு அல்சைமர் நோய் என்று நரம்பியல் மருத்துவர் உறுதி செய்து டோனெபெசில் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. இந்த நிலையில் சென்னையிலுள்ள நாத்தனார் வல்லாரை கேப்சூலையும், அமெரிக்காவிலுள்ள மைத்துனர் ஜிங்கோ மாத்திரையையும் அனுப்பியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பழைய தில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியிலிருந்து 'பிராமி' பொடி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். "எல்லாம் மூலிகைதானே, துணைக்குக் கொடுத்தால் என்ன?" என்பது அவருடைய கேள்வி.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜிங்கோவை இவருக்குக் கொடுக்க வேண்டாம். காரி பாவ்லிப் பொடியையும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வல்லாரையைக் கீரையாகச் சமைத்து வாரத்தில் ஓரிரு நாள் தாராளமாகக் கொடுக்கலாம். கேப்சூலை மருத்துவரிடம் காட்டாமல் தொடங்காதீர்கள். துணை மருந்து என்று ஒன்றை அழைக்க வேண்டுமானால், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சிகிச்சைக்கு அது இடையூறு செய்யாமல் இருக்க வேண்டும் என்பதே முதல் தகுதி. நன்மை செய்கிறதா என்ற கேள்வி அதற்கு அடுத்ததுதான். மருந்தியல் கற்பித்த அனுபவத்தில் சொல்கிறேன்: குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன.

தாவரங்களிலிருந்து மறதி நோய்க்கு மருந்து கிடைக்காது என்று நான் சொல்ல வரவில்லை. கிடைத்திருக்கிறது. இன்று மருத்துவர்கள் எழுதித் தரும் கலான்டமைன், கலாந்தஸ் என்னும் கிழங்குவகைப் பூச்செடியிலிருந்து 1950களில் பல்கேரியாவில் பிரித்தெடுத்துப் பயன்படுத்தப்பட்ட பொருள். 2001இல் அமெரிக்கா அதை அல்சைமருக்கு அங்கீகரித்தது. ரிவாஸ்டிக்மைன் என்ற மற்றொரு மருந்தின் மூலக்கூறு, மேற்கு ஆப்பிரிக்காவில் குற்றவாளியைக் கண்டறிய நஞ்சாகக் கொடுக்கப்பட்ட கலபார் அவரையிலுள்ள ஃபைசோஸ்டிக்மைன் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கப்பட்டது. இவை மருந்தானதற்குக் காரணம், செடியிலிருந்த ஒரே ஒரு மூலக்கூறு எது என்று தெரிந்து, அதை எத்தனை மில்லிகிராம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் அளந்து பார்த்ததுதான். அப்படி அளந்த பிறகும் கிடைக்கும் பயன் மிகச் சிறியது. அறிவாற்றலை அளக்கும் 70 புள்ளி அளவுகோலில், நாள்தோறும் 10 மில்லிகிராம் டோனெபெசில் ஆறு மாதத்தில் தரும் முன்னேற்றம், ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட ஏறத்தாழ 2.7 புள்ளி மட்டுமே. நோய் அதனால் நின்றுவிடுவதில்லை. மூலிகைகளைப் பற்றிப் பேசும்போது இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் மருத்துவமனை மருந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லையே என்ற ஏமாற்றம்தான் பல வீடுகளில் மூலிகை பாட்டிலைத் திறக்க வைக்கிறது, அந்த ஏமாற்றத்தில் நியாயமும் இருக்கிறது.

ஜிங்கோவிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் மறதி நோய்க்காக மிக விரிவாகச் சோதிக்கப்பட்ட மூலிகைச் சாரங்களில் அதற்கே முதலிடம். ஆய்வுகளில் பயன்பட்டது பெரும்பாலும் இ.ஜி.பி. 761 என்ற குறிப்பிட்ட சாரம். அதில் ஃபிளேவோன் கிளைகோசைடுகள் சுமார் 24 விழுக்காடும், டெர்பீன் லாக்டோன்கள் சுமார் 6 விழுக்காடும் இருக்கும்படி தரப்படுத்தியிருப்பார்கள். மறதி நோய் வராமல் அது தடுக்குமா என்று பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேருக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கொடுத்த ஆய்வின் முடிவு 2008இல் வெளிவந்தது. பிரான்சில் 70 வயதைத் தாண்டிய 2,854 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தது. இரண்டிலும் ஜிங்கோ சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நோய் வருவதில் வேறுபாடு இல்லை. ஆகவே வரும்முன் காக்கும் என்ற பேச்சு முடிந்துவிட்டது.

ஆனால் நோய் வந்தபின், குறிப்பாக அமைதியின்மை, எரிச்சல், சோர்வு, பதற்றம் போன்ற நடத்தை மாற்றங்கள் சேர்ந்திருக்கும் நோயாளிகளுக்கு, இதே 240 மில்லிகிராம் அளவை 22 முதல் 24 வாரங்கள் கொடுத்த சில ஆய்வுகளில் ஓரளவு நன்மை தென்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் மருத்துவ வழிகாட்டி நெறிமுறை இதை ஏற்று, லேசான நிலையிலும் நடுத்தர நிலையிலும் உள்ள நோயாளிகளுக்கு ஜிங்கோவை ஒரு தேர்வாகக் குறிப்பிடுகிறது. அந்த ஆய்வுகளில் சிலவற்றைத் தயாரிப்பு நிறுவனமே நடத்தியது என்பதையும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2009இல் வெளியிட்ட மீளாய்வு மொத்தச் சான்றுகளையும் முரண்பட்டவை, நம்பத்தக்கவையல்ல என்று மதிப்பிட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் கணிப்பில், இரத்தத்தை இளக்கும் மருந்து எதுவும் சாப்பிடாத, வலிப்பு வரலாறு இல்லாத ஒருவருக்கு, மருத்துவர் அறிய, தரப்படுத்திய சாரத்தை ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்பது தவறாகாது.

உங்கள் மாமனார் அந்த ஆள் அல்லர். அவர் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் மருந்துகள் இரண்டை ஏற்கெனவே சாப்பிடுகிறார். ஜிங்கோவிலுள்ள ஜிங்கோலைடு பி என்ற பொருளும் தட்டணுக்களைத் தூண்டும் ஒரு காரணியை எதிர்க்கிறது. மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் பெரிய இரத்தக்கசிவுகள் கூடவில்லை என்பது உண்மைதான். ஆயினும், ஆஸ்பிரினோடும் வார்ஃபரினோடும் ஜிங்கோ சேர்ந்தபோது கண்ணிலும் மூளையிலும் கசிவு ஏற்பட்டதாகத் தனித்தனி நோயாளிகளைப் பற்றிய மருத்துவ அறிக்கைகள் இருக்கின்றன. நடை தடுமாறும் வயதில், குளியலறையில் ஒருமுறை விழுந்து தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கிடைக்கக்கூடிய நன்மையோ மிகச் சிறியது; அதற்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. இன்னொன்று: கடைகளில் விற்கும் ஜிங்கோ மாத்திரைகளில், விலை மலிவான ரூட்டின் என்ற பொருளைக் கலந்து அந்த 24 விழுக்காட்டை எட்டிக் காட்டும் கலப்படம் பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. லேபிளில் எண் சரியாக இருக்கும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும்.

இனி வல்லாரைக்கும் பிராமிக்கும் வருவோம். இவை இரண்டு வெவ்வேறு செடிகள். நம் வல்லாரை செண்டெல்லா ஏசியாட்டிகா. நீர்ப்பிரமி பகோபா மொன்னியேரி. இந்திய ஆயுர்வேத மருந்துத் தொகுப்பு பிராமி என்பது பகோபாதான் என்றும் வல்லாரை மண்டூகபர்ணி என்றும் பிரித்து வைத்திருந்தாலும், வட இந்தியச் சந்தைகளில், குறிப்பாக உத்தராகண்டிலிருந்து வரும் சரக்கில், காய்ந்த வல்லாரை இலையே பிராமி என்று விற்கப்படுவது வழக்கம். ஆகவே காரி பாவ்லியில் வாங்கிய பொடி எந்தச் செடி என்று பக்கத்து வீட்டுக்காரராலும் சொல்ல முடியாது, கடைக்காரரே கூட உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த மண்ணில் விளைந்தது, எங்கே உலர்த்தினார்கள், பூச்சிமருந்து எவ்வளவு என்பதெல்லாம் அதற்கப்புறம். அந்தச் சந்தையின் மிளகும் மஞ்சளும் அருமையானவை. ஆனால் மூளைக்கு மருந்து என்று நாள்தோறும் கொடுக்கப்போகும் பொருளை மூட்டையிலிருந்து அள்ளி வாங்குவது சரியல்ல.

பகோபாவைப் பற்றிய நவீன ஆய்வுக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலுள்ள பகோசைடுகள் என்ற வேதிப்பொருள்களைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்தது. நல்ல நினைவாற்றலோடு இருக்கும் நடுவயதினருக்கும் முதியவர்களுக்கும் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் அளவில் 12 வாரங்கள் கொடுத்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில், கவனத்தின் வேகத்திலும் சொற்களை நினைவுகூர்வதிலும் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. ஒரு வேளை சாப்பிட்டவுடன் எதுவும் நடப்பதில்லை, வாரக்கணக்கில் தொடர்ந்தால்தான் விளைவு என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் ஆரோக்கியமான மனிதரின் கவனம் சற்றுக் கூர்மையாவது வேறு, நரம்பணுக்கள் மடிந்துகொண்டிருக்கும் நோயில் பயன் தருவது வேறு. அல்சைமர் நோயாளிகளிடம் பகோபாவையும் டோனெபெசிலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு சண்டீகரில் நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இதைப் படித்துவிட்டு, "பிராமி டோனெபெசிலுக்குச் சமம் என்று நிரூபித்துவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றலாம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மிகச் சிலர். அத்தனை சிறிய எண்ணிக்கையில் வேறுபாடு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது. அதில் வெற்று மாத்திரை பெற்ற மூன்றாவது குழு இல்லை என்பது இன்னொரு குறை.

டோனெபெசில் சாப்பிடும் ஒருவருக்குப் பகோபாவைச் சேர்ப்பதில் எனக்குள்ள தயக்கத்துக்குக் காரணம் வேறு. டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சிதைவதைத் தடுக்கிறது. அதே செயல் குடலிலும் இதயத்திலும் நடப்பதால் வயிற்றுப்போக்கும், நாடித்துடிப்புக் குறைவும் பக்கவிளைவுகளாக வருகின்றன. ஆய்வகச் சோதனைகளில் பகோபாவும் இதே திசையில் ஓரளவு செயல்படுகிறது, அதன் பக்கவிளைவுகளும் குமட்டல், வயிற்றுப்பிடிப்பு, அடிக்கடி மலம் கழித்தல் ஆகியவையே. இரண்டும் சேரும்போது முதியவர் மெலிந்துபோனால், அது நோயின் முற்றலா, மருந்தின் விளைவா என்று யாருக்கும் புரியாது. சீனப் பாசிச்செடி வகையிலிருந்து எடுக்கும் ஹூப்பர்சைன் ஏ, இணையத்தில் 'நினைவாற்றல் மாத்திரை'களில் கலந்து விற்கப்படுகிறது. அது டோனெபெசில் செய்யும் அதே வேலையை வலுவாகச் செய்யும் பொருள். அதையும் இதையும் சேர்த்துக் கொடுப்பது, ஒரே மருந்தை இருமடங்காகக் கொடுப்பதற்குச் சமம். அமெரிக்கக் கடைகளிலிருந்து எந்த மாத்திரை வந்தாலும், முன்பக்கத்தில் ஜிங்கோ என்று பெரிதாக எழுதியிருந்தாலும், பின்பக்கத்துச் சிறு எழுத்துகளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வல்லாரைக்குச் சான்று இன்னும் குறைவு. தாய்லாந்தில் ஆரோக்கியமான முதியவர்களுக்கு இரண்டு மாதங்கள் கொடுத்த சிறிய ஆய்வில் சில நன்மைகள் தென்பட்டன. ஆனால் இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வில், அறிவாற்றல் மேம்பட்டதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடர்த்தியான வல்லாரை மாத்திரைகளை வாரக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, நிறுத்தியதும் சரியானதாக மருத்துவ இதழ்களில் பதிவுண்டு. கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுவதில் அந்த அச்சம் இல்லை. ஐ.என்.ஏ. சந்தையில் தென்னிந்தியக் காய்கறிக் கடைகளில் வல்லாரை கிடைக்கும் நாளில் ஒரு கட்டு வாங்கி, தேங்காயும் புளியும் வைத்து அரைத்துக் கொடுங்கள். ஊர்ச் சாப்பாட்டின் வாசனையும் சுவையும் அவருக்குப் பசியைத் தூண்டினால் அதுவே பெரிய லாபம், மறதி நோயில் எடை குறைவது உண்மையான சிக்கல் என்பதால்.

மரபு மருத்துவ நூல்களின் சான்றைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களை அலட்சியப்படுத்த எனக்கு விருப்பமில்லை. சரக சங்கிதை, அறிவை வளர்ப்பவை என்று நான்கு மூலிகைகளைச் சொல்கிறது: வல்லாரை, அதிமதுரம், சீந்தில், சங்கபுஷ்பி. இன்று ஒரு முதியவரின் மருந்துப் பெட்டியோடு இந்த நான்கையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். வல்லாரையைச் சொல்லிவிட்டேன். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பு தங்கி இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். சீந்தில் கொடியால் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நோயாளிகளை, கோவிட் காலத்தில் அதைப் பலர் தாமாகவே குடிக்கத் தொடங்கியபின், மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். சங்கபுஷ்பி சேர்ந்த ஒரு சிரப், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடுவது 1990களிலேயே தெரிந்த செய்தி. அந்த நூல்களை எழுதியவர்களின் காலத்தில் ஸ்டென்டும் குளோபிடோக்ரெலும் இல்லை. அவர்கள் பேசியது பெரும்பாலும் கற்பவரின் கூர்மையைப் பற்றி. நாம் இங்கே பேசுவது, ஐந்து மாத்திரை சாப்பிடும் முதியவரின் சிதையும் மூளையைப் பற்றி. இதைத் தவிர, பற்பம், செந்தூரம் சேர்ந்த மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஐந்தில் ஒன்றில் கனஉலோகங்கள் இருந்ததாக 2004இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஈயம் மூளைக்கே நஞ்சு.

மஞ்சள் மறதியைத் தடுக்கும் என்று சொல்கிறார்களே, அதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் தில்லியில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைத் தவிர்க்க முடியாது, ஏனென்றால் அந்தக் கதையின் ஒரு முனை தில்லியை அடுத்து, வயலட் மெட்ரோ போகும் பல்லப்கட்டில் இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவர்கள் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அங்குள்ள கிராமங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2001இல் வெளிவந்தது. 65 வயதைத் தாண்டிய ஆயிரம் பேரில் ஆண்டுக்கு 4.7 பேருக்கே புதிதாக அல்சைமர் வந்தது. ஒப்பிடப்பட்ட பென்சில்வேனியப் பகுதியில் அது 17.5. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, இந்தியர் மஞ்சள் சாப்பிடுவதால் மறதி வருவதில்லை என்று உலகெங்கும் எழுதினார்கள். அது மஞ்சளைச் சோதித்த ஆய்வே அன்று. அல்சைமருக்கு ஆளாக்கும் ஏ.பி.ஓ.ஈ. 4 மரபணு வகை அங்கு குறைவாக இருந்தது; கண்காணித்த காலமும் குறுகியது. பிற்பாடு நாடு தழுவிய முறையில் நடந்த லாசி-டாட் ஆய்வு, 60 வயதைத் தாண்டிய இந்தியரில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023இல் கணித்தது; நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். மஞ்சள் இல்லாத சமையலறை இந்தியக் கிராமத்தில் ஏது?

சமையல் மஞ்சளில், மருந்துக்குணம் உள்ளதாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் சுமார் 3 விழுக்காடுதான். ஆய்வில் நோயாளிகளுக்குக் கொடுத்ததோ நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம் குர்குமின். லாஸ் ஏஞ்சலிஸில் 36 பேரிடம் 24 வாரங்கள் நடந்து 2012இல் வெளிவந்த அந்த ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை, குர்குமின் இரத்தத்தில் ஏறியதே மிகக் குறைவு. ஏறுவதற்காக மிளகுச் சாரமான பைப்பரின் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததாக இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அறிக்கைகள் வந்திருக்கின்றன. பைப்பரின் மற்ற மாத்திரைகளையும் கூடுதலாக இரத்தத்தில் ஏற்றக்கூடியது. சாம்பாரில் மஞ்சள் போதும்.

குங்குமப்பூவுக்கு ஈரானில் நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் அளவில் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் நோயாளிகள் ஐம்பது பேர் அளவிலான குறுகிய கால ஆய்வுகள், பெரும்பாலும் ஒரே குழுவினர் செய்தவை. அஸ்வகந்தாவுக்கு அல்சைமரில் எலிகளிடம் கிடைத்த முடிவுகளே பெரும்பகுதி. அது தூக்கம் கூட்டும், தைராய்டு அளவைக் கூட்டும், அரிதாகக் கல்லீரலைத் தாக்கும். பூனைக்காலி விதையில் லெவோடோபா என்ற பார்கின்சன் மருந்தே இயற்கையாக இருக்கிறது. இல்லாததைக் கண்டு பேசும் நோயாளிக்கு அதைக் கொடுத்தால் அந்த மாயத்தோற்றம் மோசமாகும். இவற்றில் எதையும் நான் இப்போது பரிந்துரைக்க மாட்டேன்.

மூலிகை தேடும் அக்கறையில் பாதியை வேறொரு பக்கம் திருப்பினால் பலன் கூடும் என்று தோன்றுகிறது. பல ஆண்டுகளாகச் சைவ உணவு சாப்பிடும் முதியவர்களிடம் வைட்டமின் பி12 குறைபாடு மிகச் சாதாரணம். தைராய்டு சுரப்புக் குறைவும் அப்படியே. இவ்விரண்டும் மறதியைக் கூட்டும், இரத்தப் பரிசோதனையில் தெரியும், சரிசெய்யலாம். மாமனாருக்கு இவை பார்க்கப்பட்டனவா? தூக்கத்துக்கோ சளிக்கோ அரிப்புக்கோ சிறுநீரை அடக்க முடியாமைக்கோ யாராவது எழுதிக் கொடுத்த மாத்திரை உண்டா? அவற்றில் பல அசிட்டைல்கோலினை எதிர்ப்பவை. டோனெபெசில் ஒரு பக்கம் கூட்டுவதை அவை மறுபக்கம் அழிக்கும். காது சரியாகக் கேட்கிறதா? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் செவித்திறன் குறைவும் காற்று மாசும் உண்டு. தில்லிக் காற்றை நம்மால் மாற்ற முடியாவிட்டாலும் காதுக்கருவி வாங்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் குடும்பத்தார் வல்லாரை கேப்சூலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா பாட்டில்களையும், பொடிப் பொட்டலங்களையும், லேகியத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் மருத்துவர் மூலிகையைப் பற்றிக் கேட்பதற்கு நேரம் இருக்காது. நீங்களே மேசைமேல் வையுங்கள். அவர் சம்மதித்தால், தொடங்குமுன் கல்லீரல் பரிசோதனை ஒன்று, ஒரு மாதம் கழித்து மற்றொன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதிய பொருள். பசி, தூக்கம், மலம், எரிச்சல், தானாகச் சட்டை மாட்டுகிறாரா என்பது போன்ற நான்கைந்தை நாட்காட்டியில் தொடங்குமுன் இரண்டு வாரமும், தொடங்கிய பின்னும் குறித்து வையுங்கள். மூன்று மாதத்தில் வேறுபாடு இல்லையென்றால் நிறுத்துவதென்று தேதியை முதலிலேயே எழுதிவிடுங்கள். இந்த நோயில் நல்ல நாளும் கெட்ட நாளும் தாமாகவே மாறி மாறி வருமாதலால், குறிப்பில்லாமல் பார்த்தால் நல்ல நாளெல்லாம் கேப்சூலால் வந்ததாகவே தோன்றும். டோனெபெசிலையோ ஸ்டென்டுக்கான மாத்திரைகளையோ எந்தக் காரணத்துக்காகவும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கண்ணோ தோலோ மஞ்சளித்தாலும், சிறுநீர் அடர்நிறமானாலும், பல் ஈறிலோ மலத்திலோ இரத்தம் தெரிந்தாலும், தலைசுற்றி விழுந்தாலும், நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனாலும் கேப்சூலை உடனே நிறுத்திவிட்டு, பாட்டிலையும் கையிலெடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.